ஒத்திகைப் புயல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கோபிசெட்டிபாளையத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

இலக்கிய விழா மேடையில் புயலைக் கணிக்கும் பயிற்சி குறித்து ஓர் உரை எதற்கு என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. வானிலை அறிவியல் எண்ணில் தொடங்கிச் சொல்லில் முடியும் துறை என்பதே அதற்கு விடை. கணிப்பொறி பல கோடிக் கணக்குகளைச் செய்து முடித்தபின் ஒரு மனிதர் அமர்ந்து ஒரு வாக்கியத்தை எழுதுகிறார். அதனைக் கேட்டு ஒரு மீனவர் படகைக் கரையேற்றுகிறார். ஓர் உழவர் தார் போட்ட வாழைக்கு முட்டுக் கொடுக்கிறார். அவ்வாக்கியம் காலந்தாழ்ந்து வந்தாலும், பொருள் மயங்கி வந்தாலும், அதன் விலையை உயிராகவோ பயிராகவோ கொடுப்பவர் கேட்டவரே.

அத்தகைய வாக்கியத்தை எழுதும் கைக்கு எங்கே, எவ்வாறு பழக்கம் தருவது? கடும் புயல் அரிதாகவே வருகிறது. வரும்போது பிழை செய்து திருத்திக்கொள்ள அது இடம் தருவதில்லை. ஆகவே புயலையே ஒத்திகைக்கு அழைக்கும் முறை பிறந்தது. கூத்துக்கு ஒத்திகை உண்டு. போருக்கு ஒத்திகை உண்டு. புயலுக்கும் ஒத்திகை உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அம்முறை எது, அது யாருக்கு என்ன கற்பிக்கிறது, கொங்கு நாட்டுக்கு அது எவ்வாறு பயன்படும் என்பன இவ்வுரையின் பொருள்கள்.

விரிச்சியும் முன்னறிவிப்பும்

தமிழ், காற்றை நெடுங்காலம் நுணுகி நோக்கிய மொழி. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. பெயரைச் சொன்ன அளவிலேயே திசையும் பருவமும் விளங்கிவிடும். வங்கக் கடலில் சுழன்றெழும் புயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சைக்ளோன்’ என்னும் பெயரும் இந்திய மண்ணில் பிறந்ததே. கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்பார், பாம்பின் சுருளை உணர்த்தும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 1840-களில் அதனை அமைத்தார். கல்கத்தாவைப் பல்லாயிரவர் மாளும்படி தாக்கிய 1864-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னரே இந்நாட்டில் புயல் எச்சரிக்கைக்கு முறையான ஏற்பாடு தொடங்கிற்று. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது. அதற்கும் முன்னதாக, 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த எழுத்துகளுள் தமிழும் ஒன்று.

வருவதை முன்னரே அறிய வேண்டும் என்னும் வேட்கை தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆயர்மகள் ஒருத்தி கன்றைத் தேற்றிச் சொல்லும் சொல், தலைவன் மீள்வான் என்பதற்கு நற்சொல்லாகக் கொள்ளப்படுகிறது. அங்கே சொல்பவர் அறியாமல் சொல்கிறார். கேட்பவர் தம் உள்ளத்துக்கேற்பப் பொருள் கொள்கிறார். விரிச்சி பலித்ததா, பலிக்கவில்லையா என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. முன்னறிவிப்பு இங்கேதான் விரிச்சியினின்றும் வேறுபடுகிறது. அது சொல்லும் சொல்லுக்குக் கணக்கு உண்டு.

அக்கணக்கு எளிதில் ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஒரு பழைய சான்று உள்ளது. 1884-இல் அமெரிக்காவில் ஃபின்லி என்னும் படைத்துறை வானிலையாளர், ‘டொர்னேடோ’ எனப்படும் நிலச் சுழற்காற்று வருமா வராதா என்று மூன்று மாதங்களில் 2,803 கணிப்புகளை வெளியிட்டார். அவற்றுள் 96.6 விழுக்காடு சரி என்று அறிவித்தார். கில்பர்ட் என்னும் அறிஞர் அக்கணக்கைப் பிரித்துப் பார்த்தார். உண்மையில் சுழற்காற்று வீசியது 51 முறை. ஃபின்லி முன்கூட்டிச் சொன்னவை அவற்றுள் 28 மட்டுமே. 23 முறை சொல்லாமலே வந்தது. 72 முறை சொல்லியும் வரவில்லை. நாள்தோறும் ‘வாராது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒருவர் உறங்கியிருந்தால் அவருக்கு 98.2 விழுக்காடு கிடைத்திருக்கும்!

அரிய கேட்டைக் கணிப்பவருக்கு வாய்மூடி இருத்தலே மதிப்பெண் தரும் வழி என்றால், அந்த மதிப்பெண் எதற்கு? அன்று முதல் கணிப்பின் தரத்தை மூன்று வகையாகப் பிரித்து நோக்கும் வழக்கம் வேரூன்றிற்று. சொல்லி வந்தவை, சொல்லாமல் வந்தவை, சொல்லியும் வாராதவை என்பன அவை. பின்னிரண்டும் பிழைகளே எனினும் ஒரே எடையுடைய பிழைகள் அல்ல. எந்தப் பிழையை எவ்வளவு ஏற்பது என்னும் முடிவு மனிதருடையது. ஒத்திகையில் பழகிக்கொள்ளப்படுவது பெரும்பாலும் இம்முடிவே.

எண்களால் எழும் புயல்

ஒத்திகைக்கு வரும் புயல்கள் இருவகை. ஒன்று, முன்பு வீசி ஓய்ந்த புயலின் பதிவு. மற்றொன்று, இயற்பியல் விதிகளைக் கொண்டு கணிப்பொறிக்குள் உருவாக்கப்படும் புயல். இரண்டாவதன் வரலாறு சுவையானது.

முதலாம் உலகப் போரில் பிரான்சு நாட்டில் காயம்பட்டோர் ஊர்தியை ஓட்டிய லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர், பணியின் இடைவேளைகளில் ஒரு கணக்கைக் கையால் செய்தார். 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாளின் காற்று, வெப்ப, அழுத்த அளவுகளை எடுத்துக்கொண்டு ஆறு மணி நேர மாற்றத்தைக் கணித்தார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என விடை வந்தது. அன்று அங்கே அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. தோற்றுப்போன அக்கணக்கை ஒளிக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். 64,000 பேர் ஒரு மாபெரும் அரங்கில் அமர்ந்து கணக்கிட்டால் உலக வானிலையோடு ஒக்க ஓடலாம் என்னும் கனவும் அந்நூலில் உண்டு. 1950-இல் ‘எனியாக்’ என்னும் முதற்காலக் கணிப்பொறி அக்கனவின் முதற்படியை ஏறிற்று. ஒரு நாள் கணிப்புக்கு ஏறத்தாழ ஒரு நாளே பிடித்தது.

1961-இல் எட்வர்டு லோரன்சு, ஓட்டிய கணக்கொன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டுவதற்காக 0.506127 என்னும் எண்ணுக்கு மாற்றாக 0.506 என உள்ளிட்டார். சிறிது நேரம் ஒத்துச் சென்ற இரு கணக்குகளும் பின்னர் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பிரிந்தன. தொடக்கத்து நுண்ணிய வேறுபாடு முடிவில் பெரும் வேறுபாடாகும் என்னும் இவ்வுண்மை, கணிப்பைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. இன்று ஒரு புயலை ஒரு முறை மட்டும் கணக்கிடுவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பலமுறை ஓட்டுகின்றனர். பாதைகள் ஒருங்கே சென்றால் நம்பிக்கை மிகுகிறது. விசிறிபோல் விரிந்தால் குறைகிறது. ‘இவ்வளவுதான் தெரியும்’ என்று கணிப்பொறியே எல்லை காட்டுகிறது.

இந்தியாவில் நடுத்தர கால முன்கணிப்புக்கென ஒரு தேசிய மையம் 1988-இல் அமைக்கப்பட்டு, ‘கிரே’ மீத்திறன் கணிப்பொறி வரவழைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், 6 கி.மீ. கட்ட அளவில் நாடு முழுவதையும் கணிக்கும் ‘பாரத் முன்னறிவிப்பு முறைமை’ தொடங்கப்பட்டது. மேலும் நுண்ணிய கட்டங்களில் ஒரு வட்டாரத்தின் இடிமேகங்களை உருவாக்கிப் பார்க்க உதவும் ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ என்னும் மென்பொருள், விரும்புவோர் எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடியது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் அதனைக்கொண்டு வட்டார அளவில் உழவர்க்கு முன்னறிவிப்புத் தருவதில் பழகிய நிறுவனமாகும்.

நிற்காத கடிகாரம்

முதல்வகை ஒத்திகையை முறைப்படுத்தியதில் அமெரிக்க வானிலைப் பணியகத்தின் பயிற்சிப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒக்லகோமா மாநிலத்து நார்மன் நகரில் உள்ள அப்பிரிவு, 2000-களின் தொடக்க ஆண்டுகளில் ‘வானிலை நிகழ்வு ஒப்புருவாக்கி’ என்று பெயர்க்கத்தக்க ஒரு மென்பொருளை உருவாக்கியது. அதன் நுட்பம் எளிது. முன்பு நிகழ்ந்த ஒரு புயல்நாளின் ராடார் படம், செயற்கைக்கோள் படம், தரைநிலைய அளவுகள் அனைத்தும் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டு, அன்று வந்த அதே வரிசையில், அதே இடைவெளியில், பயிற்சியாளரின் திரைக்கு வருகின்றன. அடுத்த படம் வரச் சில நிமிடங்கள் ஆகுமெனில் அத்தனை நிமிடங்களும் காத்திருக்க வேண்டும். கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. இடையே தொலைபேசி மணி ஒலிக்கும். ‘மரம் விழுந்தது’ என ஒரு செய்தி வரும். அது மெய்யா பொய்யா என்று தெளிவதற்குள் அடுத்த படம் வந்துவிடும். எச்சரிக்கை எழுதுவதும் எழுதாதிருப்பதும் அந்த நெருக்கடிக்குள் எடுக்கும் முடிவுகள். பயிற்சி முடிந்தபின், ஒவ்வொரு முடிவும் எந்த நிமிடத்தில் எந்தச் சான்றைக் கொண்டு எடுக்கப்பட்டது என ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து ஆராய்வர்.

புயலுக்குப் பின் அறிவாளியாதல் எவர்க்கும் எளிது. படம் தெளிவதற்கு முன்பே பேச வேண்டிய நிலையில் ஒருவர் எதனைக் காண்கிறார், எதனைக் காணத் தவறுகிறார் என்பதே பயிற்சியின் உரைகல். தான் எதிர்பார்த்ததையே திரையில் காணும் மனத்தின் பழக்கம், முதலில் எழுதிய கருத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம், ஒரு முறை பொய்த்த எச்சரிக்கையால் மறுமுறை வாய்திறக்க அஞ்சும் தயக்கம் ஆகியவை இத்தகைய ஒத்திகையில் வெளிப்படுகின்றன. எழுதியதை அடித்துத் திருத்தும் கவிஞர்க்கு இவை புதியன அல்ல.

அதே நார்மன் நகரின் முன்னறிவிப்பு அலுவலகத்தில் 1999-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் நிகழ்ந்தது ஒன்று, சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அறியத்தக்கது. பேராற்றல் வாய்ந்த சுழற்காற்று ஒன்று ஒக்லகோமா மாநகரை நோக்கி நகர்ந்தது. விதிப்படி வெளியிட வேண்டிய ‘சுழற்காற்று எச்சரிக்கை’ ஏற்கெனவே வெளியாகியிருந்தது. ஆயினும் அச்சொல் அந்த வட்டாரத்து மக்கள் ஒவ்வொரு வேனிலிலும் பலமுறை கேட்டுப் பழகிய சொல். இந்த முறை வருவது அதனினும் கொடியது என்பதை அது உணர்த்தாது எனக் கருதிய அலுவலர், விதிநூலில் இல்லாத ‘சுழற்காற்று அவசரநிலை’ என்னும் தொடரை அந்நேரத்தில் ஆக்கி அறிவித்தார். அந்தச் சுழற்காற்றில் 36 பேர் மாண்டனர். முன்னறிவிப்பு இல்லாதிருந்தால் இழப்பு மிகப் பெரிதாகியிருக்கும் என்பது ஆய்ந்தோர் கருத்து. பின்னர் அத்தொடர் முறையான வழக்கில் சேர்ந்தது. அதனை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டுப்பாடும் உடன் சேர்ந்தது. அளவின்றி வழங்கினால் அதுவும் பழைய சொல்லைப்போல் தேய்ந்துவிடும் அன்றோ!

வங்கக் கரையின் பாடங்கள்

கடற்புயலைப் பொறுத்தவரை இந்தியாவில் நான்கு படிநிலை எச்சரிக்கை வழக்கில் உள்ளது. கரைக்குத் தீங்கு நேருமென எதிர்பார்க்கும் நேரத்துக்கு 72 மணி முன்னதாக ஒரு முன்கவனிப்புச் செய்தி; 48 மணி முன்னதாக விழிப்புச் செய்தி; 24 மணி முன்னதாக எச்சரிக்கை; 12 மணி முன்னதாக, கரை கடந்தபின் உள்நாட்டில் நேரக்கூடியவை பற்றிய செய்தி. புதுதில்லியில் உள்ள வட்டாரப் புயல் மையம், வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சூழ்ந்த நாடுகளின் முன்னறிவிப்பாளர்க்கு ஆண்டுதோறும் பயிற்சி அளிக்கிறது. முகிலின் வடிவத்தைக் கண்டு புயலின் வலிமையை எண்ணால் மதிப்பிடும் டிவோரக் முறை, பழைய செயற்கைக்கோள் படங்களைத் திரும்பத் திரும்ப நோக்கியே கைவரும். ஒரே படத்தை இருவர் நோக்கி இரு மதிப்புத் தருவதும் உண்டு. பாடபேதம் ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியதன்று.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியில் கடல் புகுந்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டியே அலைக்குள் போயிற்று. 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12-இல் அதே மாநிலத்தில் கோபால்பூர் அருகே ‘பைலின்’ புயல் கரை கடந்தது. அப்போது ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் முன்னரே பாதுகாப்பிடம் சேர்க்கப்பட்டிருந்தனர்; உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கணிப்பு நுணுகியது, புகலிடங்கள் எழுந்தன, ஊர்தோறும் ஒத்திகை நடந்தது. அலுவலகத்துத் திரையில் நடக்கும் ஒத்திகையும், ஊர்ப்புறத்தில் முதியவரைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகும் ஒத்திகையும் இணைந்தபோதே பயன் முழுமையாயிற்று.

இணையாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2017 காட்டிற்று. நவம்பர் 30-இல் குமரிக் கடலில் ‘ஒக்கி’ விரைந்து வலுப்பெற்றது. அதற்குப் பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவரின் படகுகளுக்குச் செய்தி சென்று சேர வழியில்லை. கரையில் ஒலித்த சொல் கடலில் ஒலிக்கவில்லை.

2024-இல் வந்த ‘பெஞ்சல்’ மற்றொரு பாடத்தைத் தந்தது. அது புயலாகுமா ஆகாதா என்பது பற்றிய கணிப்பு அடுத்தடுத்த நாள்களில் மாறியது. நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அப்புயல் அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது; பின்னர் வலுவிழந்தது. வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோதுதான் கிருட்டிணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டிற்று. ‘வலுவிழந்தது’ என்னும் சொல் காற்றின் வேகத்தைக் குறித்தது. மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் தாழ்வு மண்டலம். இது துறையின் அளவுகோல். அளவுகோலை அறியாது கேட்பவர்க்கோ, வலுவிழந்தது என்றால் இடர் நீங்கியது என்றே பொருள்படும். அறிவியல் பிழைபடாதபோதும் சொல் வழிதவறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வானொலியில் அன்றாடம் கேட்கும் தொடர்களும் இத்தகையனவே. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்பது மழுப்பும் தொடர் என்று எள்ளுவோர் உண்டு. அதற்குத் திட்டமான அளவு இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களுள் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை என்பது அதன் பொருள். பாதிவரை எனில் ‘சில இடங்களில்’; முக்கால்வரை எனில் ‘பல இடங்களில்’; அதற்கும் மேல் எனில் ‘பெரும்பாலான இடங்களில்’. நூற்பாபோல் வரையறுத்த சொற்கள் அவை. வரையறை கேட்பவரைச் சென்றடையாமையால் எளிமையான சொல்லே புதிராகிவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களின் நிலையும் இதுவே. மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு செயலில் இறங்கவும் சொல்கின்றன. பள்ளி விடுமுறைக்கு மட்டும் அவற்றை அடையாளமாகக் கொள்வது, பாயிரத்தைப் படித்து நூலை மூடிவைப்பது போன்றது.

கொங்கு நாட்டின் குறும்புயல்

கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள கோபிசெட்டிபாளையத்துக்கு இவற்றால் என்ன பயன் எனலாம். கொங்கு நாட்டின் புயல் வேறு வகையானது. அதற்குப் பெயர் சூட்டப்படுவதில்லை. மூன்று நாள் முன்னதாகத் தொலைக்காட்சியில் அது தோன்றுவதும் இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் நண்பகல் வெயில் உச்சமேறி, மாலையில் மலைப்பக்கம் கருத்து, அரைமணிப் பொழுதில் அடித்து ஓயும் சூறைக்காற்றே அது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லோடு வாழையும் செழிக்கும் வட்டாரம் இது. நெல் சாய்ந்தாலும் ஓரளவு மீளும். தார் போட்ட வாழை ஒடிந்தால் மீளாது. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பும் கடனும் ஏலத்துக்குப் போகச் சில வாரங்களே இருக்கும் நிலையில், அரைமணிக் காற்றில் தரையில் கிடக்கும். ஆண்டுதோறும் கோடை மழைச் செய்தியோடு வாழை சாய்ந்த செய்தியும் சேர்ந்தே வருவதை அவையோர் அறிவர்.

இக்காற்றின் இயக்கம் அறியத்தக்கது. நன்கு சூடேறிய தரைக்காற்று ஈரத்தோடு மேலெழுந்து இடிமேகமாகிறது. மேகத்திலிருந்து விழும் துளிகள் கீழேயுள்ள வறண்ட காற்றினூடே வருகையில் ஓரளவு ஆவியாகின்றன. ஆவியாதல் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, மழையோடு சேர்ந்து கீழே பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் விரிகிறது. குடத்து நீரைத் தரையில் கவிழ்த்தால் சிதறுவது போன்றது அது. இதனைத் தனிக்கேடாக இனங்கண்டு விளக்கியவர் ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய தெட்சுயா ஃபுஜிட்டா. 1945-இல் நாகசாகியின் அழிவைப் பார்வையிட்டபோது, வெடிப்புக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து மரங்கள் நாற்புறமும் விண்மீன் வடிவில் சாய்ந்துகிடந்ததை அவர் கண்டிருந்தார். 1970-களில் புயலடித்த காடுகளின்மீது பறந்து நோக்கியபோது அதே வடிவம் தென்பட்டது. சுழற்காற்று வீழ்த்தும் மரங்கள் முறுக்கிய வரிசையில் கிடக்கும். மேலிருந்து பாயும் காற்று வீழ்த்துபவை மையத்திலிருந்து விலகிக் கிடக்கும். சாய்ந்த வாழைத் தோட்டமும் அவ்வாறே படிக்கத்தக்க ஒரு சுவடி. எந்த வாழை எத்திசையில் விழுந்தது என்று உழவர் ஒருவர் குறித்து வைப்பாராயின், அது ஆய்வாளர்க்கு அரிய சான்றாகும்.

இத்தகைய குறும்புயலை ஒத்திகை பார்ப்பது எவ்வாறு? எடுத்துக்காட்டாக, வாழை பெருமளவில் சாய்ந்த ஒரு சித்திரை நாளை எடுத்துக்கொள்ளலாம். அந்நாளின் காலை நிலையை உள்ளிட்டு, மூன்று கி.மீ. கட்டத்தில் மென்பொருளை ஓட்டினால் மாலையில் இடிமேகங்கள் எழும். அவை சத்தியமங்கலம் மலையோரத்தில் எழுகின்றனவா, அந்தியூர்ப் பக்கம் எழுகின்றனவா, எத்தனை மணிக்கு எழுகின்றன என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். பத்து ஓட்டங்களில் ஏழில் இவ்வட்டாரத்தில் சூறைக்காற்று தோன்றினால், ‘இன்று மாலை இங்கே ஆயத்தமாக இருக்கலாம்’ என்று சொல்ல அடிப்படை உண்டு. ‘இன்ன தோட்டத்தில் இத்தனை மணிக்கு’ என்று சொல்ல அடிப்படை இல்லை. எழும் மேகத்தை ராடார் கண்டபின்னரே ஊரின் பெயரைச் சொல்லலாம். அப்போது எஞ்சும் நேரம் அரைமணியோ ஒரு மணியோதான். தொலைவிலுள்ள ராடாரின் கதிர், பூமியின் வளைவால் உயரே சென்றுவிடும்; தரையை ஒட்டிய காற்று அதன் கண்ணில் படாது. கருவியின் இவ்வெல்லைகளைப் பயிற்சியில் உணர்ந்தவரே உண்மை நாளில் வரம்பு கடவாது பேசுவார்.

ஆகவே கொங்கு உழவர்க்கு உரிய செய்தி இரண்டாகப் பிரிகிறது. காலையில் சொல்லும் சொல், முட்டுக் கம்பையும் கயிற்றையும் சரிபார்க்கவும், முற்றிய தாரை முன்னதாக வெட்டலாமா என எண்ணவும் உதவும். மாலையில் சொல்லும் சொல் வாழையைக் காக்காது; மரத்தடியிலும் வெட்டவெளியிலும் நிற்கும் ஆளை, இடியினின்றும் காக்கும். மின்னல் எங்கே வீழ்கிறது என்று கைப்பேசியில் காட்டும் ‘தாமினி’ என்னும் செயலியைப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதன்பொருட்டே அளித்துள்ளது. காலைச் சொல்லையும் மாலைச் சொல்லையும் ஒன்றாகக் குழப்பி ‘இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு’ என்று நாள்தோறும் ஒரே தொடரை ஒலிப்பது, இரண்டு பயனையும் இழப்பதாகும்.

பொய்த்த எச்சரிக்கைக்கும் விலை உண்டு. பிஞ்சுத் தாரை அஞ்சி வெட்டியவர்க்கு விலை குறையும். கூலி கொடுத்து முட்டு வைத்த நாளில் காற்று வாராவிட்டால், அடுத்த முறை அவர் அசையமாட்டார். எனவே ‘எதற்கும் சொல்லிவைப்போம்’ என்பது அறமாகாது. ‘உறுதியாகத் தெரிந்தபின் சொல்வோம்’ என்பதும் அறமாகாது. உறுதி வரும்போது காற்றும் உடன்வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகவே சொல்லும் மொழி ஒன்று வேண்டும்.

காலியாக உள்ள இருக்கை

இங்கேதான் இலக்கிய வட்டத்தார்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. ஒத்திகையில் ராடார் உண்டு, கணிப்பொறி உண்டு, எழுதும் அலுவலர் உண்டு. கேட்பவரின் இருக்கையோ பெரும்பாலும் காலியாக உள்ளது. எழுதிய வாக்கியம் சரியான நேரத்தில் வந்ததா என அளக்கிறார்கள்; கேட்டவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என அளப்பது அரிது. சொல்லின் நிறையும் நிழலும் அறிந்த கவிஞர்களும், தோட்டத்தில் நிற்கும் உழவர்களும் அவ்விருக்கையில் அமர்ந்தால், ‘வலுவிழந்தது’ என்னும் சொல் எங்கே வழிதவறும் என்பது புயலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அதற்கு மீத்திறன் கணிப்பொறி வேண்டா. கடந்த ஆண்டுகளில் வெளியான எச்சரிக்கைகளைத் தொகுத்து, ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்து, கேட்டோர் என்ன பொருள் கொண்டனர் எனக் குறிக்கலாம். காற்றுக்கும் மேகத்துக்கும் இடிக்கும் இவ்வட்டாரத்துப் பெரியவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டலாம். எங்கே, எப்போது, என்ன செய்வது என்னும் மூன்றையும் மூன்றே வரியில் சொல்லும் மாதிரிகளை எழுதிப் பார்க்கலாம். அலங்காரம் அங்கே வேண்டா; அச்சுறுத்தலும் வேண்டா. இருட்டில், காற்றிரைச்சலில், ஒரு முறை மட்டும் காதில் விழுந்தாலும் பொருள் மாறாத வரிகளாக அவை அமைய வேண்டும். கவிதை பயின்றோர்க்கு இதனினும் கடினமான யாப்பு வேறில்லை.

பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணிய வட்டம், அடுத்த சித்திரைக்கு முன்னதாக ஒரு மாலைப்பொழுதை இப்பணிக்கு ஒதுக்குமாயின், அது வாழைத் தோட்டங்களுக்கும் தமிழுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.